உடலுக்குள் போகும் பொருளைச் சோதிப்பது யார்?

மனித இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடித் துடிப்பு ஆகிறது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போன இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் செயற்கை வால்வு வைத்தால், அது நாற்பது ஆண்டாவது உழைத்தாக வேண்டும். அதாவது 150 கோடி முறை திறந்து மூட வேண்டும். அதுவும் உப்பும் புரதமும் கொழுப்பும் கலந்த, தொட்டதன் மேல் உறைந்துவிடக் காத்திருக்கிற ரத்தத்துக்குள். இந்த வேலைக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க மூன்று ஆய்வகங்கள் தேவைப்படுகின்றன: உலோகமும் பிளாஸ்டிக்கும் தேய்வதைப் பார்க்கும் பொருளறிவியல் கூடம், விலங்கின் உடல் அதை எப்படி ஏற்கிறது என்று பார்க்கும் உடலியங்கியல் கூடம், கடைசியாக மருத்துவமனை. இவை மூன்றையும் நாம் படிக்கட்டுபோல நினைத்துப் பழகிவிட்டோம். இயந்திரத்தில் தேறினால் விலங்குக்கு, விலங்கில் தேறினால் மனிதனுக்கு, மனிதனுக்கு வைத்தாயிற்று என்றால் வேலை முடிந்தது. கடந்த எழுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் இந்த எண்ணம் தவறு என்பது தெரிகிறது. மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாக எடுத்துக்கொண்ட இடத்தில்தான் பெரும்பாலான விபத்துகள் நடந்திருக்கின்றன. நோயாளியின் உடல் சொல்லும் விடை முதல் கூடத்துக்குத் திரும்பி வராத நாட்டில் இந்த ஆராய்ச்சி பாதியில் நின்றுபோனது என்றே சொல்ல வேண்டும்.

இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் தந்தை என்று போற்றப்படும் ஜான் சார்ன்லியின் கதை இதற்கு முதல் சான்று. இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950களின் பிற்பகுதியில் அவர் செயற்கை மூட்டின் குழிவுக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். காரணம் தெளிவானது: உராய்வு மிகக் குறைந்த திடப்பொருள்களில் ஒன்று அது. வேதிப்பொருள் எதனோடும் எளிதில் வினைபுரியாது. காகிதத்தில் அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. ஏறத்தாழ 300 பேருக்கு டெஃப்லான் குழிவு பொருத்தப்பட்டது. சில ஆண்டுகளில் குழிவுகள் தேய்ந்து மெலிந்தன. உதிர்ந்த துகள்களைச் சுற்றி உடல் கெட்டியான வெண்ணிறத் திசுவை வளர்த்தது, மூட்டுகள் தளர்ந்தன. குறைந்த உராய்வும் குறைந்த தேய்மானமும் ஒன்றல்ல. பெரிய கட்டியாக இருக்கும்போது உடல் பொறுத்துக்கொள்ளும் பொருளைப் பொடியாக்கிக் கொடுத்தால் அதே உடல் பொறுப்பதில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் அந்த 300 பேர் வலியோடு கற்றுக்கொடுத்தார்கள். பிறகு 1962இல், ஜவுளித் தறிகளுக்குப் பல்சக்கரம் விற்கும் ஒருவர் வழியாக, மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎத்திலீன் ரைட்டிங்டனுக்கு வந்தது. சார்ன்லி அதில் அக்கறை காட்டவில்லை. அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் தாமே அதைத் தேய்மான இயந்திரத்தில் ஏற்றி ஓட விட்டார். இரவு பகலாக மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. இந்த முறை சார்ன்லி இயந்திரத்தின் சொல்லை மட்டும் நம்பவில்லை. இரண்டு பிளாஸ்டிக்குகளின் துணுக்குகளையும் தம் தொடையிலேயே வைத்துக்கொண்டார். சில மாதங்களில் டெஃப்லான் இருந்த இடத்தில் கையால் தடவிப் பார்க்கும்படியாகக் கட்டி எழுந்தது. பாலிஎத்திலீன் இருந்த இடம் அமைதியாக இருந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர் பாலிஎத்திலீன் குழிவைப் பொருத்தத் தொடங்கியிருந்தார். இன்றுவரை மூட்டுமாற்றில் கோலோச்சுவது அந்தப் பிளாஸ்டிக்கின் வழிவந்தவைதான்.

ஆனால் அந்த வெற்றியும் முற்றுப்புள்ளி அல்ல. பாலிஎத்திலீனும் தேயத்தான் செய்கிறது, மெதுவாக. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்துகள்களை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் உண்கின்றன. செரிக்க முடியாமல் அழற்சிச் சமிக்ஞைகளை வெளிவிடுகின்றன. அவை எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. பத்து, பதினைந்து ஆண்டு கழித்து, நோய்க்கிருமி எதுவும் இல்லாமலே மூட்டைச் சுற்றிய எலும்பு கரைந்துபோகிறது. இதற்கு விடையாக, கதிர்வீச்சால் இழைகளைப் பிணைத்து உறுதிப்படுத்திய பாலிஎத்திலீன் 1990களின் இறுதியில்தான் வந்தது. முதல் பொருத்தலுக்கும் இந்தத் திருத்தத்துக்கும் இடையே ஏறத்தாழ 35 ஆண்டு. எந்த விலங்கிலும் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. எந்த இயந்திரத்திலும் மேக்ரோஃபேஜ் இல்லை.

பொருளின் தன்மையை மட்டும் பார்த்து உடலின் நடத்தையை ஏன் கணிக்க முடிவதில்லை? பளபளப்பாக மெருகிட்ட டைட்டானியத்தை ரத்தத்தில் வைத்தால் ரத்த அணுக்கள் டைட்டானியத்தைப் பார்ப்பதே இல்லை. சில நொடிகளுக்குள் புரதங்கள் அதன்மேல் படிந்துவிடுகின்றன. முதலில் ஏராளமாகவும் வேகமாகவும் வரும் புரதங்கள் இடம்பிடிக்கின்றன. பிறகு அந்தப் பரப்போடு இறுக்கமாக ஒட்டக்கூடியவை வந்து அவற்றை வெளியேற்றுகின்றன. இதைக் கண்டறிந்த லியோ வ்ரோமனின் பெயரால் இது வ்ரோமன் விளைவு எனப்படுகிறது. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுமா ஒட்டாதா, உறைவு தொடங்குமா என்பதெல்லாம் அந்த மெல்லிய புரதப் போர்வை என்ன வடிவில் படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. போர்வையின் நெசவோ, யாருடைய ரத்தம், எந்த வேகத்தில் ஓடுகிறது, பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்பதையெல்லாம் பொறுத்தது. ஆகவே ஒரு பொருள் உடலுக்கு ஒத்துப்போகும் என்பது அந்தப் பொருளின் நிலையான குணமாக இருக்க முடியாது. எந்த இடத்தில், எந்த வேலைக்கு, எத்தனை காலத்துக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. உயிர்ப்பொருள் ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியில் ஒப்புக்கொண்ட வரையறையின் சாரமும் இதுவே. எலும்பில் அருமையாக இணையும் டைட்டானியம் ஓயாமல் உராயும் மூட்டுப் பரப்பில் சொதப்பிவிடும்.

இங்கேதான் விலங்குகள் வருகின்றன. அவற்றால் தெரிந்துகொண்டதும் உண்டு, ஏமாந்ததும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகனில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும், ஓய்வுபெற்ற பொறியாளரான லோவெல் எட்வர்ட்ஸும் 1950களின் இறுதியில் செயற்கை வால்வு செய்யத் தொடங்கினார்கள். இயற்கை வால்வைப்போல இதழ் வைத்துச் செய்த முதல் வடிவங்களை நாய்களுக்குப் பொருத்தியபோது சில நாட்களிலேயே ரத்தம் உறைந்து அவை இறந்தன. கூண்டுக்குள் பந்து வைத்த வடிவத்துக்கு மாறிய பிறகு நாய்கள் பிழைத்தன. 1960இல் மனிதருக்கு வைக்கப்பட்ட அந்த வால்வுதான் ஆயிரக்கணக்கானோரை வாழவைத்தது. நாயின் ரத்தம் மனித ரத்தத்தைவிட எளிதில் உறையும். ஆகவே நாயிடம் தேறிய வால்வு மனிதரிடம் தேறும் என்ற நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை இருந்தது. ஆனால் நாய்கள் சொல்லாத ஒன்றும் இருந்தது. பந்து சிலிக்கோன் ரப்பரால் ஆனது. மனிதரின் மகாதமனி வால்வுக்குப் பதில் வைத்த பந்துகள் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தின் கொழுப்பை உறிஞ்சி மஞ்சளாகி, வீங்கி, சில வெடித்து, கூண்டுக்குள் சிக்கிக்கொண்டன. ரப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றிய பிறகே அது நின்றது. உப்புநீரில் ஓடும் பரிசோதனை இயந்திரத்தில் கொழுப்பு இல்லை. விலங்குச் சோதனையில் கொழுப்பு இருந்தது, காலம் இல்லை.

பிற்காலத்தில் வால்வுச் சோதனைக்கு நாயின் இடத்தைச் செம்மறியாடு பிடித்தது தற்செயல் அல்ல. அதன் இதயத்தின் அளவும் ரத்த ஓட்டமும் மனித இதயத்துக்கு நெருங்கியவை. பன்றியைப் போல மாதங்களுக்குள் உடல் பெருத்து வால்வைச் சிறியதாக்கிவிடுவதில்லை. அதைவிட முக்கியம், இளம் ஆட்டின் உடலில் சுண்ணாம்புச் சத்தின் புழக்கம் தீவிரமானது. பன்றி வால்விலோ மாட்டின் இதய உறையிலோ செய்த திசு வால்வில் மனிதரிடம் பல ஆண்டுகளில் ஏறும் கால்சியம், இளம் ஆட்டில் சில மாதங்களில் ஏறிவிடும். அதாவது விலங்கு இங்கே மனிதனின் நகலாக நிற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட கேடு வேகமாக வெளிப்படும் இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. விலங்கு உடலியங்கியலை இப்படிப் பயன்படுத்துவதே சரி என்பேன். மாறாக, முயலின் எலும்பு மனித எலும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் புதுப்பித்துக்கொள்கிறது என்பதை மறந்து, முயலில் ஆறு வாரத்தில் இறுகிய திருகு மனிதரிலும் ஆறு வாரத்தில் இறுகும் என்று கணக்குப்போட்டால் அது ஆராய்ச்சி ஆகாது.

மூன்று கூடங்களும் ஒன்றையொன்று மதித்து நடந்துகொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சாய்தட்டு வால்வைச் சொல்கிறேன். அறுவைக்கூடத்துக்கும் பொருளறிவியல் கூடத்துக்கும் ஒரே நிறுவனம் என்பது அன்றைய இந்தியாவில் புதுமை. முதல் வடிவத்தில் தட்டைத் தாங்கும் கம்பி வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. சோதனை இயந்திரத்தில் அந்த ஒட்டு முறிந்தது. இரண்டாவதில் ஒட்டே இல்லாமல் டைட்டானியக் கட்டியிலிருந்து கூட்டைக் கடைந்து, தாதுக்களில் வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்ட சபையர்ப் படிகத்தில் தட்டு வைத்தார்கள். சபையர் டைட்டானியத்தை அரித்துத் தின்றது. மூன்றாவதில் டைட்டானியத்துக்குப் பதில் ஹெய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலவை வந்தது. இயந்திரத்தில் தேய்மானம் கட்டுக்குள் இருந்தது. ஆனால் செம்மறியாட்டின் இதயத்தில் இருந்தபோது சபையர்த் தட்டு உடைந்தது. இயந்திரம் சம்மதித்துவிட்டது, ஆடு மறுத்துவிட்டது. ஒரேயொரு உடைப்புதானே என்று கடந்துபோகாமல் அந்த வடிவத்தையே கைவிட்டதுதான் இந்தக் கதையின் உயரமான இடம். நான்காவதில் கடினத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, சார்ன்லியின் மூட்டில் நிலைத்த அதே மிருதுவான பாலிஎத்திலீனில் தட்டுச் செய்தார்கள். கடினமான உலோகத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் மெதுவாகவே தேய்ந்தது. இயந்திரத்தில் 35 கோடிக்கும் மேற்பட்ட சுற்று ஓடி, ஆடுகளிலும் தேறி, 1990 டிசம்பர் 6இல் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரித்த இந்த வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. இறக்குமதி வால்வுக்குப் பணம் கட்ட முடியாத குடும்பங்கள் அவர்களில் ஏராளம்.

இதன் பக்கத்தில் பியோர்க்–ஷைலி குழிகுவி வால்வை வைத்துப் பாருங்கள். அதுவும் சாய்தட்டு வால்வுதான். அதிலும் ஒரு கம்பி வெல்டிங் செய்யப்பட்டது. அமெரிக்க ஒப்புதல் 1979இல் கிடைத்தது. 1986இல் சந்தையிலிருந்து விலக்கப்படும்வரை உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. நோயாளிகளிடம் நடந்த சோதனையின்போதே ஒரு கம்பி முறிந்திருந்தது. விற்பனை நிற்கவில்லை. பிறகு நூற்றுக்கணக்கான முறிவுகள் பதிவாயின. கம்பி முறிந்தால் தட்டு கழன்று ஓடும், நோயாளி பெரும்பாலும் பிழைப்பதில்லை. திருவனந்தபுரத்தில் ஒட்டு முறிந்ததும் அவர்கள் வரைபடத்தை மாற்றினார்கள். ஷைலியில் ஒட்டு முறிந்ததும் அதற்குத் தனிக் காரணம் தேடினார்கள். இரண்டு கூடங்களிலும் அறிவியல் ஒன்றுதான். தோல்வி தெரிந்த நாளில் அதற்கு என்ன மதிப்புக் கொடுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானவை சில உண்டு. பெரிய கண்டுபிடிப்புகள் இந்த முறைகளுக்குக் கட்டுப்படாமல் தற்செயலாகத்தானே வந்தன என்பது ஒன்று. ஹெரால்ட் ரிட்லி 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கண்ணுக்குள் முதல் செயற்கை லென்ஸை வைத்தபோது, போர்விமானிகளின் கண்களில் பாய்ந்த பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகள் ஆண்டுக்கணக்கில் அழற்சியே இல்லாமல் கிடந்ததைப் பார்த்தே துணிந்தார். பெர்-இங்வார் ப்ரோனமார்க் முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் குழாய் வைத்தார். சோதனை முடிந்து எடுக்கப்போனால் அது எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. இன்றைய பல் பதியங்கள் அனைத்தும் அந்தப் பிடிவாதமான குழாயிலிருந்து வந்தவை. உண்மைதான். ஆனால் விமானிகளின் கண்களில் நடந்தது போர் நடத்திய, யாரும் திட்டமிடாத, ஆண்டுக்கணக்கில் நீடித்த மனிதச் சோதனை. அதன் முடிவைக் கவனித்துப் பதிவு செய்தவர் ஒருவர் இருந்ததால்தான் அது அறிவாயிற்று. அப்படியும் ரிட்லியின் கனமான லென்ஸ் இடம்பெயர்ந்தது, கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்திய மருந்தின் எச்சம் கண்ணை அழற்றியது. சில்லு பொறுத்துக்கொள்ளப்பட்டதால் லென்ஸும் பொறுத்துக்கொள்ளப்படும் என்று ஆகிவிடவில்லை. ப்ரோனமார்க்கும் முயலைப் பார்த்த கையோடு மனிதத் தாடைக்குப் போய்விடவில்லை. ஆண்டுக்கணக்கான விலங்கு ஆய்வுக்குப் பிறகு 1965இல்தான் முதல் நோயாளிக்குப் பல் பதித்தார். ரிட்லியின் லென்ஸ் பல பத்தாண்டுத் திருத்தங்களுக்குப் பின், 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் வழியாக ஏழைகளுக்கு எட்டும் விலைக்கு வந்தது. அந்தத் திருத்தங்கள் எதுவும் தற்செயல் அல்ல.

விலங்குகளை வதைக்காமல் இதைச் செய்ய முடியாதா என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். ஆய்வாளர்கள் ரஸலும் பர்ச்சும் 1959இலேயே வகுத்த நெறி இது: மாற்றுவழி இருந்தால் விலங்கை விடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை. இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு வழிசெய்தது. 2010இல் ஹார்வர்டில் நுரையீரலின் சுவாசத்தை ஒரு சில்லுக்குள் (சிப்) போலச்செய்து காட்டினார்கள். அமெரிக்கா 2022 டிசம்பரில், புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தியது. இந்தியாவும் 2023இல் மருந்துச் சோதனை விதிகளில் மாற்றுமுறைகளுக்கு இடம் கொடுத்தது. ஒரு வேதிப்பொருள் கல்லீரல் செல்லைக் கொல்லுமா என்று கேட்க மனிதச் செல் வைத்த சில்லு எலியைவிட நல்ல சாட்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கெல்லாம் விலங்கை இன்றே விட்டுவிடலாம். ஆனால் துடிக்கும் இதயம், உறையும் ரத்தம், வளரும் எலும்பு, நோய் எதிர்ப்பு ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு பொருளின் மேல் செயல்படுவதைச் சில்லு இன்னும் காட்டவில்லை. சபையர்த் தட்டு உடைந்தது ஆட்டின் நெஞ்சில். அந்த ஆடு இல்லாதிருந்தால் அடுத்து உடைந்திருக்கக்கூடியது ஒரு மனித நெஞ்சில். வீண் சோதனையை ஒழிக்க மிக எளிய வழி, தோற்ற விலங்குச் சோதனைகளையும் வெளியிடுவது. ஒருவர் ஏற்கெனவே செய்து தோற்றதை அறியாமல் மற்றொருவர் அதே வழியில் இன்னும் இருபது ஆடுகளைப் பலியிடுவதைவிடக் கொடுமை வேறில்லை.

இவ்வளவு சோதனை கேட்டால் நோயாளி அதற்குள் இறந்துவிடுவாரே என்பது மூன்றாவது மறுப்பு. சில நோய்களில் இது சரி. மாற்றே இல்லாதவருக்கு முழுமையாகத் தெரியாத கருவியும் வரம். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்குப் பதிலாகப் புதியதை அவசரமாகக் கொண்டுவருவதற்கு இந்த வாதம் போர்வையாகிவிடுகிறது. டெபுய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற உலோகத்தின் மேல் உலோகம் அமர்ந்த இடுப்பு மூட்டு அப்படித்தான் வந்தது. அமெரிக்காவில் அதன் முழு மூட்டு வடிவம், ஏற்கெனவே சந்தையில் உள்ள சாதனங்களோடு ஒத்தது என்று காட்டியே நுழைந்தது. இயந்திரத்தில் குழிவு சரியான சாய்வில் வைக்கப்பட்டிருந்தது. அதில் தேய்மானம் மிகக் குறைவு. அறுவைக்கூடத்தில் எல்லாக் கையும் அந்தச் சாய்வில் வைப்பதில்லை. சற்றுச் செங்குத்தாக உட்கார்ந்த குழிவின் விளிம்பில் பந்து அழுந்தித் தேய்ந்தது. கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன, சுற்றுத் திசு அழுகியது. 2010 ஆகஸ்டில் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 4,700.

அதே ஏ.எஸ்.ஆர். ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரிலேயே சந்தையை விட்டு விலகியது. அங்கே மூட்டுமாற்று அறுவைகளைப் பதியும் தேசியப் பதிவேடு 1999இலிருந்து நடக்கிறது. எந்த மூட்டு எத்தனை பேருக்கு மறு அறுவை கேட்கிறது என்பதை அது ஆண்டுதோறும் வெளிச்சத்தில் வைத்தது. ஸ்வீடன் இதை 1970களிலேயே தொடங்கிவிட்டது. நோயாளியின் உடல் சொல்லும் விடை ஆய்வுக்குத் திரும்புவதற்கு இதைவிட எளிய, மலிவான கருவி கிடையாது. இந்தியாவிலும் மருத்துவச் சாதனங்களால் வரும் கேடுகளைத் தொகுக்கும் தேசியத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதில் திருவனந்தபுர நிறுவனத்துக்கும் பங்குண்டு. ஆனால் புகார் வந்தால் பதிவது வேறு, வைக்கும் ஒவ்வொன்றையும் வைக்கும் நாளிலிருந்தே பின்தொடர்வது வேறு. எத்தனை வைத்தோம் என்ற எண்ணிக்கை இல்லாமல் எத்தனை கெட்டன என்ற எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

எனவே கேட்க வேண்டியது மூன்று. இந்தியாவில் பொருத்தப்படும் ஒவ்வொரு வால்வும் மூட்டும் நோயாளியின் ஆயுள் முழுக்கத் தொடரும் பதிவேட்டில் ஏற வேண்டும். அறுவையில் வெளியே எடுக்கப்படும் ஒவ்வொரு சாதனமும் குப்பைக்குப் போகாமல் பொருளறிவியல் கூடத்தின் நுண்ணோக்கிக்குக் கீழ் போக வேண்டும். இயந்திரத்தில் முறிந்ததும் விலங்கில் தோற்றதும் வெளியிடப்பட வேண்டும். இவற்றைக் கட்டாயமாக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. கேட்கும் உரிமை, நாளை இந்தச் சாதனங்களைத் தாங்கப்போகும் நம் எல்லோரிடமும் இருக்கிறது. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ வால்வோ மூட்டோ வைக்கப்பட்டிருந்தால், அதன் பெயரும் வரிசை எண்ணும் உள்ள அட்டையை மருத்துவமனையிடம் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.